கொடுக்காத வீடு இல்லை

புதுடில்லி
24-8-1963

மரியாதைக்குரிய லாத்தா ஹமீதா பானு அவர்களுக்கு, தம்பி ஹாஜா முகைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் உடம்புக்குக் குறையில்லை. இந்த ஊர்ச் சப்பாத்தி மட்டும் என் வயிற்றோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? ரங்கூனிலிருந்து மச்சான் கிபாயத்துல்லா கடிதம் போடுகிறார்களா?

புதன்கிழமை பார்லிமெண்டில் பேசினேன். வறுமையைப் பற்றிய விவாதம். ஏழைக்கு ஒரு நாளைக்கு எத்தனை அணா கிடைக்கிறது என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தாடியும் தலைப்பாகையுமாக நான் எழுந்ததும், ஹஜ்ரத் பள்ளிவாசல் பயான் செய்யப் போகிறார் என்று பின்பெஞ்சில் சிரிப்பு. நான் அசரவில்லை.

"அணாக் கணக்கை விடுங்கள். எங்கள் கீழப்பட்டினத்தில் நோன்புப் பெருநாள் காலையில் பித்ரா அரிசி கொடுக்காத வீடு இல்லை. அன்றைய சாப்பாட்டுக்கு மேல் மிச்சம் உள்ளவர் மீதுதான் அந்தக் கடமை. அப்படியானால் எங்கள் ஊரில் பசித்த வீடு இல்லை. வாங்க ஆளில்லாமல் வெளியூர் ஏழைகளுக்கு அனுப்புகிறோம். இருப்பவர் கொடுக்கிற அந்தப் பழக்கத்தை நாட்டுக்கே சட்டமாக்குங்கள்" என்றேன். சிரித்தவர்களே மேஜையைத் தட்டினார்கள். தமிழ்ப் பேப்பர்களிலும் வரும். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்,
ஹாஜா முகைதீன்

●

கீழப்பட்டினம்
9-9-1963

தம்பி ஹாஜா முகைதீனுக்கு ஸலாம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தொழும்போது உட்கார்ந்துகொள்கிறேன். ரங்கூனில் எல்லாரும் சுகம் என்றே கேள்வி.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உன் பேச்சைப் பள்ளிவாசலில் உரக்கப் படித்தார்களாம். ஜீனிச்சோறு ஆக்கி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தங்கமுத்து வந்தார். வயதான அனாதைகளுக்குச் சர்க்கார் மாதாமாதம் பென்ஷன் கொடுக்கிறதே, அதற்கு என் பக்கத்து வீட்டு அஜீசா மாமிக்காக மனு எழுதிப் போட்டிருந்தேன். மாமிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஓலைப்பெட்டி முடைந்து காலம் தள்ளினார்கள். இப்போது கண் மங்கி, ஓலை எது விரல் எது என்று தெரியவில்லை. விசாரிக்கத்தான் அந்த மனிதர் வந்தார். வந்தவர் கையில் நாலாக மடித்த பேப்பர்.

"அம்மா, ஒங்க எம்.பி.யே இல்லைன்னு சொன்ன ஏழைய நான் எங்கேருந்து கொண்டாரது?"

"அய்யா, வீட்டுக்குள்ள வந்து பாருங்க. பானையத் தெறந்து பாருங்க."

"நான் பானையப் பாத்து எழுதவா, பார்லிமெண்டப் பாத்து எழுதவா? மேல கேட்டா நான்ல பதில் சொல்லணும்."

மனுவைத் தள்ளி எழுதிவிட்டுப் போய்விட்டார். தம்பி, அந்த வார்த்தையை நீதான் சொன்னாய். நீதான் சரிசெய்ய வேண்டும். சீக்கிரம் எழுது.

வயிற்றைப் பார்த்துக்கொள். சப்பாத்தியோடு மோர் குடி.
ஹமீதா பானு

●

புதுடில்லி
4-10-1963

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம். கமிட்டி ஒன்றோடு பம்பாய்ப் பக்கம் சுற்றப் போய்விட்டதால் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மோர் குடிக்கிறேன், குணம் தெரிகிறது.

அந்த இன்ஸ்பெக்டர் செய்தது தப்பு. கலெக்டருக்கு ஒரு வரி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், மனம் உறுத்தியது. கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன பெருநாளைக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன் அல்லவா? பள்ளிவாசல் மோதினார் இப்ராஹிம் பித்ரா அரிசி வாங்கச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனபோது நானும் கூடப் போனேன். அஜீசா மாமி கொண்டுவந்து போட்டது குவித்த படி. தலைகூடத் தட்டவில்லை. குவித்த படி கொடுக்கிறவர் அனாதை என்று சர்க்காரிடம் எப்படிச் சொல்வது? உள்ளவரை இல்லாதவர் என்று மனு எழுதுவது பொய். எழுதிக்கொடுப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. நீங்கள் இரக்கப்பட்டு எழுதியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

மச்சான் சுகம் "என்றே கேள்வி" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் கேட்டீர்கள்? அவர்களே எழுதுவதில்லையா?

ஹாஜா முகைதீன்

●

கீழப்பட்டினம்
12-10-1963

பார்லிமெண்டு மெம்பர் ஹஜ்ரத் ஹாஜா முகைதீன் ஆலிம் அவர்கள் சமூகத்துக்கு, ஹமீதா பானு எழுதிக்கொண்டது. தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்துக்கு ஒன்றுமில்லை.

நான் பொய் மனு எழுதினேன் என்று தாங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். நல்லது. நான் மதரஸா வாசலை மிதித்தவளில்லை. தம்பி ஓதும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டுப் படித்தவள். ஆனாலும் பொய்க்கு என்ன கூலி என்று தெரியும். வீட்டில் உப்பு வாங்கின செலவைக்கூட அன்றன்றைக்கு எழுதிவைக்கிறவள், சர்க்காருக்குப் போகிற காகிதத்திலா இல்லாததை எழுதுவேன்?

தாங்கள் பார்த்தது வாசல் பக்கம். நம் தெருவில் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒரு சந்து இருக்கிறது. பொம்பளைகள் போய்வருகிற வழி. மீசை அரும்பினதிலிருந்து தாங்கள் அதில் கால் வைத்ததில்லை. குவித்த படி எங்கிருந்து வந்தது என்று அங்கே கேட்க வேண்டும். இதற்கு மேல் எழுத எனக்கு உத்தரவில்லை.

அஜீசா மாமி நேற்றும் ஒரு வேளைதான் சாப்பிட்டார்கள். அதுவும் பகலில் அல்ல.

ஹமீதா பானு

●

புதுடில்லி
30-11-1963

அன்புள்ள லாத்தா, கோபம் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். ஒன்றரை மாதம் பதில் போடாதது என் குற்றம். சபை கூடிவிட்டது. இங்கே குளிர் தாங்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் தொழுகைக்குத் தண்ணீர் தொட்டு ஒளுச் செய்கிறேன்.

என் பேச்சைத் தனியாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டு வாப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

முடுக்கு என்று எழுதியது எனக்குப் பிடிபடவில்லை. கோழித் திருட்டு ஏதாவதா? பெண்களுக்குள் சச்சரவு என்றால் ஜமாஅத்தில் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாமே. பித்ராவைப் பற்றிச் சட்டம் தெளிவானது. இல்லாதவர் கொடுக்கவே வேண்டாம். அவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கொடுத்தார் என்றால் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஹாஜா முகைதீன்

●

கீழப்பட்டினம்
10-12-1963

தம்பிக்கு ஸலாம். உன் அச்சுப் பிரதி கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போடவில்லை. நல்ல கெட்டியான காகிதம், பெட்டிக்கு அடியில் விரித்திருக்கிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அஜீசா மாமியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். கோழித் திருட்டு என்ற இடத்தில் சிரித்த சிரிப்பில் மாமிக்கு இருமல் வந்துவிட்டது.

"ஒந்தம்பி ஓதின ஓத்தெல்லாம் வாசப்பக்கமே நின்னுபோச்சு புள்ள. சொல்லிரு."

"சொல்லட்டுமா மாமி?"

"என்னையப் பத்திச் சொல்லு. மத்தவளுக பேரு ஒண்ணு வெளிய வந்துச்சு, அப்பறம் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

உத்தரவு கிடைத்துவிட்டது, கேள்.

நோன்பின் கடைசி நாள் அசர் தொழுகை முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போய்விடுகிறீர்கள். அந்த நேரம் முடுக்கில் முறங்கள் போகும். அரிசி உள்ள வீட்டுக்காரி முறத்தில் அரிசியை அள்ளி, மேலே துணியை மூடி, இல்லாத வீட்டுப் பின்கதவைத் தட்டுவாள். "ஒங்க மொறத்தத் திருப்பிக் கொண்டாந்தேன்" என்பாள். அந்த வீட்டுக்காரி அரிசியைத் தட்டிக்கொண்டு, "இது ஒங்க மொறம்ல" என்று வெறும் முறத்தை நீட்டுவாள். கடன் என்றோ தர்மம் என்றோ ஒரு சொல் கிடையாது. விடிந்ததும் அந்த அரிசிதான் வாசலுக்கு வரும், உன் சாக்கில் விழும். குவித்த படியாக விழுவதற்கும் காரணம் அதுதான். தன் அரிசியாக இருந்தால் தட்டித்தான் கொடுத்திருப்பாள்.

நம் உம்மா காலத்திலிருந்து நடக்கிறது இது. இல்லாதவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று எழுதினாயே, எந்த ஊரில் அப்பா? சாக்கு நிற்காமல் போன வாசலில் பெண் கேட்டு யார் வருவார்கள்? அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் பசியை முறத்தால் மூடி வைத்திருக்கிறோம். நீ அந்த மூடியைக் கொண்டுபோய் பார்லிமெண்டில் காட்டி, பசியே இல்லை என்று சொல்லிவிட்டாய்.

இப்போதாவது விளங்கியதா? சொன்னதைத் திருத்து. காதை மூடிக்கொண்டு ஒளுச் செய்யாதே. நனைத்துச் செய், ஆனால் உடனே துடைத்துக்கொள்.

ஹமீதா பானு

●

புதுடில்லி
5-1-1964

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷம் அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு தடவையாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் சபை கூடும்போது திருத்திச் சொல்ல நினைக்கிறேன். ஆனால் அங்கே வெறுமனே எழுந்து நின்று, நான் சொன்னது தவறு என்றால், ஆதாரம் எங்கே என்பார்கள். ஒரு கிழவியின் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே எந்தெந்த வீடுகளுக்கு முறம் போகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், வருமானம் என்ன என்று எழுதி அனுப்புங்கள். கணக்கில் உங்களைப் போல் கெட்டிக்காரி யார்? பெயர்களை ரகசியமாக வைத்துக்கொள்வேன். மந்திரியிடம் மட்டும் காட்டுவேன்.

மச்சானைப் பற்றி இத்தோடு மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். பர்மாவில் நிலைமை சரியில்லை என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டு விவரம் ஒரு வரி எழுதுங்கள்.

ஹாஜா முகைதீன்

●

கீழப்பட்டினம்
20-1-1964

தம்பிக்கு நோன்பு ஸலாம். என் முழங்காலைப் பற்றி இந்தத் தடவை நீ கேட்கவில்லை. அதுவாகவே குறைந்திருக்கிறது.

மந்திரியிடம் மட்டும் காட்டுகிறது எந்த ஊர் ரகசியம்? இன்ஸ்பெக்டருக்குப் பேப்பர் படிக்கத் தெரியும், அதை நான் பார்த்துவிட்டேன். பெயர் ஒன்றும் வராது. இந்த விஷயத்தில் நீ ஹஜ்ரத்தாகக் கேட்டாலும் சரி, தம்பியாகக் கேட்டாலும் சரி. நீ பேசும்போது ஆதாரம் கேட்காத சபை, திருத்தும்போது மட்டும் ஆதாரம் கேட்குமா? ஊரில் பசி இல்லை என்றதற்கு யாருடைய பட்டியலைக் காட்டினாய்?

இது நோன்பு மாதம் என்பதால் அஜீசா மாமி பாடு ஓடுகிறது. பள்ளிவாசல் கஞ்சி சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் வருகிறது, அதை வாங்க யாருக்கும் வெட்கமில்லை. பெருநாள் முடிந்தால் கஞ்சியும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பென்ஷனை விட்டால் மாமிக்கு வேறு வழி இல்லை. போன வருஷம் மாதிரி இந்த வருஷம் தாங்க மாட்டார்கள். உடம்பு ஓலை மாதிரி ஆகிவிட்டது.

நேற்று முடுக்கில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உன் கடிதத்தைச் சொன்னேன். மாமிதான், "இந்த வருசம் எனக்கு மொறம் கொண்டாராதீங்கடி" என்றார்கள்.

"என்ன மாமி சொல்றீங்க, வாசல்ல சாக்கு வந்து நிக்குமே?" என்றாள் ரோஷன் பேகம், எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி.

"நிக்கட்டும். இல்லைன்னு சொல்றேன். எனக்கென்ன, பொண்ணு கேட்டா வரப்போறாக?"

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்று இப்போது கேட்காதே.

பெருநாளைக்கு வரப் பார்.
ஹமீதா பானு

●

கீழப்பட்டினம்
19-2-1964

தம்பிக்குப் பெருநாள் ஸலாம். சபை கூடிவிட்டதால் வர முடியவில்லை என்ற தந்தி கிடைத்தது. வராததும் நல்லதாகப் போயிற்று. வந்திருந்தால் உன்னை வைத்துக்கொண்டு என்னால் செய்திருக்க முடியாது.

காலையில் மோதினார் இப்ராஹிம் தக்பீர் சொல்லிக்கொண்டே சாக்கோடு வந்தார். அஜீசா மாமி வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்க அரிசி இல்ல இபுராஹிமு. அடுத்த வீட்டப் பாரு."

அவர் விளங்காமல் நின்றார். "அப்பறமா வரட்டுமா மாமி?"

"அப்பறம் வந்தாலும் இல்லதான். தின்னவே இல்ல, அங்கிட்டுப் போ."

தெருவே நின்று பார்த்தது. அடுத்த வாசல் என்னுடையது.

தம்பி, மூன்று கடிதத்தில் நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ரங்கூனிலிருந்து பணம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கேயிருந்து அனுப்ப பர்மா சர்க்கார் விடமாட்டேன் என்கிறதாம். உன் மச்சான் கடையில் உட்கார்ந்திருக்கிறார், இங்கே ஒரு காசு வர வழியில்லை. சுகம் என்பது கேள்விதான். போன பெருநாளைக்கு நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் சாக்கில் போட்டேனே, அது ரோஷன் பேகம் வீட்டு அரிசி. உன் கண்ணுக்கு முன்னால் போட்டேன். நீ "மாஷா அல்லாஹ்" என்றாய்.

இந்த வருஷமும் முறம் வந்தது. வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். திருப்பிவிட்டேனே தவிர, விடிகிற வரைக்கும் பின்கதவைத் திறப்பதும் சாத்துவதுமாகத்தான் இருந்தேன். ஹஜ்ரத்தின் உடன்பிறப்பு, எம்.பி. வீட்டு லாத்தா. என்னுடைய கௌரவம் போனால் உன்னுடையதும் சேர்ந்து போகும் என்று தெரியும். ஆனால் மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும்போது, நான் படியை எடுத்துக்கொண்டு எப்படி வெளியே வருவது?

"என் வீட்லயும் இல்ல இபுராஹிம்" என்றேன்.

"லாத்தா, பெருநாளும் அதுவுமா வெளையாடுறீங்க."

"வெளையாடல. சாக்கத் தூக்குங்க."

அதற்குப் பிறகு தெருவில் இன்னும் சில கதவுகள் அப்படியே சொல்லின. எந்தக் கதவுகள் என்று எழுத மாட்டேன்.

நீ ஆதாரம் கேட்டாய். இந்த ஒரு வீட்டை வைத்துக்கொள்.

ஹமீதா பானு

●

புதுடில்லி
8-3-1964

லாத்தா, ஸலாம்.

வெள்ளிக்கிழமை பட்ஜெட் விவாதத்தில் எழுந்தேன். போன ஆகஸ்டில் என் ஊரில் பசித்த வீடு இல்லை என்று சொன்னேன், அது தவறு என்றேன். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். "என் கூடப்பிறந்தவளின் வீடு" என்றேன். நான் சொல்ல வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று மணியார்டர் செய்தேன். இனி மாதாமாதம் வரும். திருப்பி அனுப்பாதீர்கள்.

ஹாஜா முகைதீன்

●

கீழப்பட்டினம்
14-4-1964

தம்பி ஹாஜா முகைதீனுக்கு ஸலாம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே கம்பளியை உதறிக் காயப்போட்டு வை.

உனக்கு எதையும் அளவாகச் செய்ய வராதா? என் வீட்டுக் கதவை நான் நம் தெருவுக்குத்தான் திறந்தேன். நீ இந்தியாவுக்கே திறந்துவிட்டாய். பேப்பரில் "எம்.பி.யின் சகோதரி வீட்டில் பட்டினி" என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து, முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் எனக்கு ஒரு மூட்டை கேழ்வரகு கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதைத் திரித்துத் தெருவெல்லாம் கொடுத்துவிட்டேன். ரங்கூனில் இந்தப் பேப்பர் கிடைக்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் மச்சான் படித்தால் கடலில் நீந்தியே வந்துவிடுவார்.

மணியார்டரைத் திருப்பி அனுப்புவேன் என்று நினைத்தாயாக்கும். வாங்கிக்கொண்டேன். தெருவாசலில் நின்று, தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ரோஷன் பேகம் வீட்டு அரிசிக்கு அரிசியாகவே கொடுத்தாயிற்று. அவள் முறம் என்று வாயெடுத்தாள். "அரிசின்னே சொல்லுடி" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தங்கமுத்துவும் வந்தார். இந்தத் தடவையும் கையில் பேப்பர்தான். ஆனால் மாமி வீட்டுக்குள்ளே குனிந்து போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா பேருக்கும் ஒரு மனு போட்டுரலாமா?" என்றார்.

"எனக்கு வயசு பத்தாதுய்யா. புருசன் வேற உசிரோட இருக்காரு."

"அப்ப கஷ்டந்தான்" என்று மெய்யாகவே வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

மாமிக்கு உத்தரவு வந்துவிட்டது. முதல் மாதப் பணமும் வந்தது. நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், மூக்கில் வைத்தும் பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "வார நோன்புப் பெருநாளைக்கு எஞ் சொந்த அரிசி போடுவேன், தலதட்டின படி" என்றார்கள். நல்லது மாமி என்றேன். மாமி விடவில்லை.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் பித்ரா குடுத்தா கூடும்தானே? ஒந்தம்பியக் கேட்டு எழுதச் சொல்லு. ஒந்தலைக்கும் சேத்து நானே போட்டுர்றேன், நீ பாவம்."

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ எழுத வேண்டாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹமீதா பானு